கடைசி பெஞ்சுக்கும் கேட்கட்டும்!

(பள்ளி மாணவ மாணவிகளுக்கான சனிக்கிழமைப் பயிற்சித் திட்டம் குறித்து மாவட்டச் செயல்வீரர்கள் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பத்து சனிக்கிழமைகள் நடக்கப் போகிற இந்தப் பயிற்சிக்கு இடம் தயார். முதலுதவி சொல்லித் தர மருத்துவர் தயார். மனு எழுதப் பழக்க வழக்கறிஞர் தயார். டீயும் பிஸ்கட்டும் யார் பொறுப்பு என்பது வரை முடிவாகி விட்டது. பிள்ளைகள் எங்கே? 'பள்ளிக்கூடங்களில் அறிவிப்புக் கொடுத்து விடலாம்' என்று ஒரே வரியில் தீர்மானத்தை முடித்து விட்டீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றிப் பேசத்தான் எழுந்து நிற்கிறேன்.

நீங்கள் எழுதிய அறிவிப்பு இதோ என் கையில் இருக்கிறது. வாசிக்கிறேன், கேளுங்கள்:

"இதனால் மாணவர்கள் அனைவருக்கும் தெரிவிப்பது யாதெனில், வளரும் இளந்தலைமுறையினரின் ஆளுமைத் திறனையும், தலைமைப் பண்பையும், ஒழுக்க மேம்பாட்டையும் வளர்த்தெடுக்கும் உயரிய நோக்கில் மாபெரும் இளைஞர் பயிற்சித் திட்டம் நடைபெற இருப்பதால், ஆர்வமும் திறமையும் நன்னடத்தையும் உள்ள மாணவர்கள் பெயர் கொடுத்துப் பயன் பெறுமாறு கேட்டுக் கொள்ளப்படுகிறார்கள்."

இதற்குக் கீழே நம் அமைப்பின் பெயர், தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், வாழ்த்துரை, நன்றியுரை என்று ஒன்பது பெயர்கள். எழுதிய தம்பி கோபித்துக் கொள்ளக் கூடாது. தமிழில் பிழை இல்லை. ஆனால் இதைக் கேட்கப் போகிறவன் எங்கே நிற்கிறான் என்று நினைத்துப் பார்த்தீர்களா?

காலை ஒன்பதே காலுக்கு வெயிலில் நிற்கிறான். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்தது. உறுதிமொழி முடிந்தது. திருக்குறளும் செய்திகளும் முடிந்தன. அடுத்து, தலைமுடி வெட்டாமல் வந்தவர்கள் தனியே நிற்கவும் என்று பி.டி. மாஸ்டர் சொன்னார். அதன் பிறகுதான் உங்கள் 'யாதெனில்' வருகிறது! முதல் வாக்கியம் முடிவதற்குள் முன்னால் நிற்பவனின் சட்டையில் பேனாவால் கோடு போட ஆரம்பித்து விடுவான். உங்களுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். அந்த நிமிடத்தில் 'உயரிய நோக்கு' என்பதைச் சொன்னால் அவனுக்கு என்ன புரியும்?

என்.சி.சி. 1948 முதல் நம் நாட்டில் இருக்கிறது. 'ஒற்றுமையும் ஒழுக்கமும்' என்பதுதான் அதன் குறிக்கோள். அந்தக் குறிக்கோளைக் கேட்டு மயங்கிச் சேர்ந்த ஒரு மாணவனையாவது என் ஆசிரியர் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. காக்கி உடுப்புக்காகச் சேர்ந்தான். துப்பாக்கி பிடிக்கலாம், வெளியூர் கேம்ப் போகலாம் என்று சேர்ந்தான். பரேடு முடிந்ததும் கிடைக்கும் டிபனுக்காகச் சேர்ந்தான்! ஒழுக்கம் பிறகு தானாக வந்தது. நாம் என்ன செய்கிறோம்? ஒழுக்கத்தை மைக்கில் சொல்லி விட்டு, சனிக்கிழமை அவன் கையால் என்ன செய்யப் போகிறான் என்பதை மறைத்து விடுகிறோம். முதலுதவி என்ற சொல் உங்கள் அறிவிப்பில் இருக்கிறதா? மனு எழுதுவது இருக்கிறதா? கோர்ட்டையும் பத்திரிகை அச்சகத்தையும் நேரில் காட்டப் போகிறோமே, அது இருக்கிறதா? எதுவுமே இல்லை.

இது ரசனைக் குறை என்றால் நான் மைக்கைப் பிடித்திருக்க மாட்டேன். இதில் பிள்ளைகள் விடுபட்டுப் போகிறார்கள். நான் செய்த தவறையே சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த பள்ளியில் மாலை நேரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினோம். அறிவிப்பை எழுதியது நான். வாசித்ததும் நான். 'சிறந்த மாணவர்கள் பெயர் தரலாம்' என்று எழுதியிருந்தேன். பதினோரு பேர் வந்தார்கள். பதினோரு பேரும் வகுப்பில் முதல் வரிசை. பேச்சுப் போட்டியிலும் அவர்கள்தான், கட்டுரைப் போட்டியிலும் அவர்கள்தான். பயிற்சி மிக நன்றாக நடந்தது என்று நாங்களே எங்களுக்கு வாழ்த்துச் சொல்லிக் கொண்டோம். அந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் பாதியில் நின்று விட்டான். நின்றதை நான் கவனிக்கவும் இல்லை.

ஏழெட்டு வருடம் கழித்து பைக் பஞ்சர் ஒட்டும் கடையில் அவன் என்னை அடையாளம் கண்டு கொண்டான். காசு வாங்க மறுத்தான். பேசிக் கொண்டிருக்கும்போது சிரித்துக் கொண்டே சொன்னான்: "சார், அன்னைக்கு சாயங்கால கிளாஸுக்குப் பேர் கேட்டீங்களே, எனக்கும் வரணும்னு ஆசைதான் சார். சிறந்த மாணவர்கள்னு சொன்னீங்க. நான் கையைத் தூக்கினா சிரிப்பாங்கன்னு விட்டுட்டேன்."

சகோதரர்களே! அவனைத் தடுத்தது வறுமை அல்ல, தந்தை அல்ல, வேறு எவருடைய சதியும் அல்ல. நான் அலங்காரத்துக்குப் போட்ட ஒரு சொல்! இப்போது உங்கள் தாளைப் பாருங்கள். 'ஆர்வமும் திறமையும் நன்னடத்தையும் உள்ள.' நான் ஒரு கதவைத்தான் சாத்தினேன். நீங்கள் மூன்று கதவுகளைச் சாத்தி வைத்திருக்கிறீர்கள். நன்னடத்தை உள்ளவன் என்று தன்னைத் தானே சொல்லிக் கொண்டு எந்தப் பிள்ளை முன்னால் வருவான்?

இன்னொரு கதவும் இருக்கிறது. 'மாணவர்கள்' என்று மட்டும் எழுதினால் பாதிப் பேருக்கு அது தங்களை இல்லை என்றே தோன்றும். 'மாணவிகள்' என்ற சொல் காதில் விழ வேண்டும். அது மட்டும் போதாது. ஒரு பெண் பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னதும் அவள் தாய் மூன்று கேள்வி கேட்பாள். யார் கூட இருப்பார்கள்? எத்தனை மணிக்கு விடுவார்கள்? எப்படித் திரும்பி வருவாய்? மக்ரிபுக்கு முன் பிள்ளை வாசலில் இருக்க வேண்டும் என்பது அந்தத் தாயின் கணக்கு. பக்கத்து வீட்டு இந்துத் தாய்க்கும் விளக்கு வைக்கும் நேரம் என்று அதே கணக்குதான். இந்த மூன்றுக்கும் பதில் அறிவிப்பிலேயே இருந்தால்தான் அவள் தலையாட்டுவாள்.

காசு விஷயத்தையும் திறந்து சொல்லுங்கள். சொல்லவில்லை என்றால் இல்லாத வீட்டுப் பிள்ளை, கட்டணம் இருக்கும் என்று தானே முடிவு கட்டிக் கொள்ளும். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் பேடன் பவல் முதல் சாரணர் முகாமை நடத்தினார். சுமார் இருபது சிறுவர்கள். சிலர் ஈட்டன், ஹாரோ போன்ற பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்கள். மற்றவர்கள் பக்கத்து ஊர்களின் சாதாரணக் குடும்பத்துப் பையன்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இவர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதே அதிசயம். பணக்காரப் பிள்ளைக்குக் கட்டணம் ஒரு பவுன். மற்றவனுக்கு மூன்றரை ஷில்லிங். ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு பேரும் வர வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்தால்தான் இப்படிக் கணக்குப் போட முடியும். நாம் கட்டணமே வாங்கவில்லை. பிறகு அதைச் சொல்ல ஏன் கூச்சம்?

இனி உங்களில் பலருக்குப் பிடிக்காத இடத்துக்கு வருகிறேன்.

அமைப்பின் பெயர், கொடி, அந்த ஒன்பது பெயர்கள் எல்லாம் அறிவிப்பிலிருந்து நீக்கப்பட வேண்டும். காலையில் இதைச் சொன்னதும் ஒரு தம்பி எழுந்து, "அண்ணே, உழைப்பது நாம், பெயர் மட்டும் வேண்டாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தலைமை ஆசிரியரிடம் கொடுக்கும் விண்ணப்பக் கடிதத்தில் நாம் யார் என்பதை ஒளிவு மறைவு இல்லாமல் எழுதுங்கள். பெற்றோருக்குப் போகும் சீட்டிலும் எழுதுங்கள். யார் நடத்துகிறார்கள் என்பது பெற்றோருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் பிரேயரில் ஆயிரம் பிள்ளைகள் முன்னால் கட்சி மேடை வேண்டாம். அரசின் பணத்திலேயே முழுவதும் நடக்கும் கல்வி நிலையத்தில் சமயப் போதனை கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவை நாம் எத்தனை மேடைகளில் அடுத்தவர்களுக்கு எடுத்துக் காட்டியிருக்கிறோம்! பள்ளிக்கூடத்தைத் தங்கள் கூடாரமாக்கப் பார்க்கிறார்கள் என்று எத்தனை முறை குரல் கொடுத்திருக்கிறோம்! அந்த அளவுகோல் நம் வாசலில் மட்டும் சுருங்கி விடுமா? எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளும் நிற்கிற இடம் அது. எல்லோரையும் அழைக்கிறோம் என்றால் எல்லோரும் வருகிற மாதிரி அழைக்க வேண்டும். பத்து சனிக்கிழமை முடிந்த பிறகு நம்மிடம் உறுப்பினர் படிவத்தோடு யாரும் அந்தப் பிள்ளைகளை நெருங்கக் கூடாது. இதை நான் இங்கே வெளிப்படையாகவே சொல்லி வைக்கிறேன்.

ஒப்புதல் சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெற்றோர் கையெழுத்து இல்லாமல் யாரையும் சேர்க்க வேண்டாம். ஆதார் எண் நமக்கு எதற்கு? போட்டோ எதற்கு? பெயர், வகுப்பு, பெற்றோரின் போன் எண். இவ்வளவு போதும். பெண் பிள்ளைகளின் எண்களை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து விட்டுப் பிறகு வருந்தியவர்கள் உண்டு. 2023இல் நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. வகுப்பு நடக்கும்போது எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேர். 2012இன் போக்சோ சட்டத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. நம் பிள்ளையை அனுப்புவதாக இருந்தால் நாமும் இதைத்தானே கேட்போம்?

சரி, நான் எழுதியதை வாசிக்கிறேன்.

"ஒன்பதாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு மாணவ மாணவிகளே! பஸ் ஸ்டாண்டில் உங்கள் கண் முன்னால் ஒருவர் மயங்கி விழுகிறார். 108 வண்டி வரும் வரை என்ன செய்வீர்கள்? ரேஷன் கார்டில் அம்மாவின் பெயர் தப்பாக இருக்கிறது. யாருக்கு, எப்படி மனு எழுதுவீர்கள்? செய்து பழகலாம், வாருங்கள். பத்து சனிக்கிழமை. மதியம் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை. கட்டணம் கிடையாது. மார்க் கேட்க மாட்டோம். பெயிலானவர்களும் வரலாம். மாணவிகளுடன் ஆசிரியை ஒருவர் கடைசி வரை இருப்பார். ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பி விடலாம். உங்கள் வகுப்புத் தோழர் ஒருவரே பெயர் எழுதிக் கொள்வார். வெள்ளிக்கிழமைக்குள் அவரிடம் சொல்லுங்கள். வீட்டில் கையெழுத்து வாங்கும் சீட்டையும் அவர் தருவார்."

நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடம். பத்தாம் வகுப்பை விட்டு விட்டேனே என்று பார்க்கிறீர்கள். பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும். 'பத்தாம் வகுப்பு' என்ற சொல்லைக் கண்டதும் தலைமை ஆசிரியர் தாளையே திருப்பித் தந்து விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. தேர்ச்சி விகிதத்துக்கு அவர்தானே பதில் சொல்ல வேண்டும்! அந்தப் பிள்ளைகளுக்கு ஏப்ரலுக்குப் பிறகு தனியாக ஒன்று வைப்போம்.

பெயர் கொடுக்க ஆசிரியர் அறைக்கு வரச் சொல்லாதீர்கள் என்பதையும் கவனித்திருப்பீர்கள். கடைசி பெஞ்ச் பையன் ஆசிரியர் அறைக்குள் போனதெல்லாம் அடி வாங்கத்தான், அல்லது அப்பாவைக் கூட்டி வந்து நிற்கத்தான். தானாக அந்த வாசலை மிதிக்க மாட்டான். பக்கத்தில் உட்காரும் நண்பனிடம் என்றால் சொல்வான். சனிக்கிழமை மதியம் கடையிலும் ஒர்க் ஷாப்பிலும் வேலைக்குப் போகும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஞாயிறு காலையில் இன்னொரு வகுப்பு வைக்க மருத்துவர் சம்மதித்தால் அந்த ஒரு வரியையும் சேர்த்து விடலாம். இன்று இரவே கேட்டுச் சொல்கிறேன் என்று செயலாளர் ஒப்புக் கொண்டிருக்கிறார்.

வாசிப்பது யார்? நானும் இல்லை, நீங்களும் இல்லை. பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் வாசிக்கட்டும். பெண்கள் பள்ளியில் மாணவி வாசிக்கட்டும். முந்தின நாளே தாளைக் கொடுத்து இரண்டு முறை வாசிக்க வைத்து விடுங்கள். 'மனு' என்ற இடத்தில் தடுமாறினால் அவர்கள் பேச்சு வழக்கிலேயே மாற்றிக் கொள்ளட்டும்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு முதல் பள்ளியில் பிரேயர். எட்டரைக்கே போய்த் தலைமை ஆசிரியரைப் பார்க்க வேண்டும். மைதானத்தின் கடைசி வரிசையில் நின்று மைக் கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும். யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள்.