மரச்சாமான்களுக்கு எண்ணெய் பூசுதல்
(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



தொட்டில், மணை, ஊஞ்சற்பலகை முதலியவற்றுக்கு எண்ணெய் தடவி வைக்கும் வழக்கம் கிராமங்களில் உண்டு. வழக்கம் நல்லதே, எண்ணெயைத் தெரிந்தெடுப்பதில்தான் பெரும்பாலும் தவறு நேருகிறது. தேங்காயெண்ணெயும் கடலையெண்ணெயும் எத்தனை நாளானாலும் உலரமாட்டா. மரத்தின்மேல் பிசுக்காக நின்று தூசியைச் சேர்க்கும். நாளடைவில் காறல் நாற்றமும் வீசும். ஆளிவிதை எண்ணெயின் குணம் வேறு. அது காற்றிலுள்ள பிராணவாயுவைக் கிரகித்து, மரத்தின் நுண்துளைகளுக்குள்ளேயே கெட்டிப்பட்டு விடும்.

இவ்வெண்ணெய் சீக்கிரம் உலரவேண்டுமென்று முற்காலத்தில் மிருதாரசிங்கியைச் சேர்த்துக் காய்ச்சுவதுண்டு. அது ஈயத்தினின்று உண்டாவது, விஷம். பல் முளைக்கும் குழந்தை தொட்டிற் சட்டத்தைக் கடிக்காமல் இராது. ஈயம் சிறிது உட்சென்றாலும் அதன் மூளை வளர்ச்சி கெடும். இக்காலத்துக் கடைகளில் காய்ச்சிய எண்ணெய் என்று விற்பதில் பெரும்பாலும் கோபால்ட், மாங்கனீஸ் ஆகியவற்றின் உப்புகள் கலந்திருக்கும். ஆகையால் தொட்டிலுக்கும் அடுக்களைப் பலகைக்கும் செக்கிலாட்டிய பச்சை எண்ணெயே தக்கது. அது உலரத் தாமதமாகும்; பொறுக்கத்தான் வேண்டும்.

மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். உப்புத்தாளால் ரேகையோட்டமாகத் தேய்த்துத் தூசி போக்கி, எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசுக. கால் மணி நேரம் கழித்து, மரம் குடியாமல் மேலே நிற்கும் எண்ணெயை முழுவதும் துடைத்துவிடுக. துடையாது விட்டால் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். தச்சர்களிலும் சிலர் இதனைக் கவனிப்பதில்லை. விரல் ஒட்டாத பின்னரே மறுபூச்சு. வெயில் நாளில் இதற்குச் சில தினங்கள் செல்லும். மழைக்காலத்தில் இன்னும் அதிகமாகும். மூன்று நான்கு பூச்சுகள் போதும்.

முக்கியமாக ஜாக்கிரதை வேண்டுவது துடைத்த கந்தையைப் பற்றியே. எண்ணெய் பிராணவாயுவைக் கிரகிக்கும்போது உஷ்ணம் உண்டாகிறது. கந்தைகளைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அவ்வுஷ்ணம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய், நெருப்பே வைக்காமல் தானாகத் தீப்பற்றும். 1991-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து 38 மாடிக் கட்டடமொன்றில் இவ்விதக் கந்தைகளிலிருந்தே தீ கிளம்பிற்று. தீயணைக்கச் சென்றவர் மூவர் மாண்டனர். கூரை வீடும் வைக்கோற் போரும் நிறைந்த இடத்தில் இதன் அபாயம் சொல்லாமலே விளங்கும். கந்தைகளை ஒவ்வொன்றாக விரித்து, வெளியிற் கொடியில் போட்டு உலர்த்துக. அல்லது தண்ணீரில் ஊறவைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் வைக்குக.

எண்ணெய் பூசிய மரத்தைக் கறையான் அரிக்காது என்று சிலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. கட்டிற்கால்களைத் தரையீரத்தினின்று விலக்கி, கல்லின்மேல் நிறுத்துவதே நன்று. மழையில் கிடக்கும் சாமான்களுக்கும் இப்பூச்சு போதாது.

ஆளி தமிழ்நாட்டில் அதிகம் பயிராவதில்லை. மத்திய இந்தியாவில் மிகுதியாக விளைகிறது. ஒரு வீட்டுத் தொட்டிலுக்கு வேண்டுவது சிறிதளவே. சங்கம் ஒரு டின்னாக வாங்கி அங்கத்தினர்களுக்கு அளந்து கொடுக்குமாயின் செலவு குறையும். கலப்பில்லாத பச்சை எண்ணெய்தானா என்று வாங்கும்போதே கேட்டறியவும் கூடும்.