விழுந்ததைக் கண்டவர் கூடப் போகட்டும்

(கல்முனையில் தொழிலாளர் குடும்பங்கள் முன் ஆற்றிய உரை)

 

மலையில் கொழுந்து எடுக்கையிலும், ஹிங்குரானவில் கரும்பு வெட்டுகையிலும், இங்கே வட்டையில் வெயிலில் நிற்கையிலும் ஆள் மயங்கி விழுந்தால் நாங்கள் ஒரே பேச்சுத்தான் பேசுகிறோம்: "சாப்பிடாமல் வந்திருப்பாள்." முகத்தில் தண்ணீர் தெளித்து, திரும்ப வேலைக்கு விடுகிறோம். அந்தப் பேச்சை இன்றோடு நிறுத்துவோம்.

மூளைக்குப் போகும் இரத்தம் சில விநாடி குறைந்தால் ஆள் விழுவார். ஏன் குறைந்தது என்பதே கேள்வி. நெடுநேரம் நின்றோ, பயந்தோ வரும் மயக்கம் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. வியர்த்து நீர் வற்றினாலும், பிரசர் மாத்திரை கூடினாலும் எழும்பும்போது கண் இருட்டும். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவருக்குச் சீனி இறங்கினாலும் நினைவு தப்பும். அவர்கள் நோன்புக்கு முன்பே மருந்து நேரத்தை டொக்டரிடம் கேட்க வேண்டும்.

இதயத் துடிப்பு பிசகி வரும் மயக்கம்தான் உயிரை எடுக்கும். பாரம் தூக்கும்போது, முன்னறிகுறி இல்லாமல், நெஞ்சு வலியோடு விழுந்தால் தாமதிக்காதீர்கள். 1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரசர் பார்ப்பார்கள். நின்று 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 இறங்கினால் அது ஒரு துப்பு. ஈ.சி.ஜி. எடுப்பார்கள், இரத்தம் சோதிப்பார்கள். ஈ.சி.ஜி. எடுக்காவிட்டால் கேளுங்கள்.

ஆனால் விழுந்தவருக்கு விழுந்தது தெரியாது. கண்டவர்தான் சாட்சி. நின்றபடி விழுந்தாரா, இருந்தபடியா? முகம் வெளிறியதா? கை கால் எவ்வளவு நேரம் இழுத்தது? சில விநாடி இழுப்பு வெறும் மயக்கத்திலும் வரும். நாக்கின் ஓரம் கடிபட்டு, நெடுநேரம் ஆள் தெரியாமல் கிடந்தால் வலிப்பாக இருக்கலாம். கையில் இரும்பைத் திணிப்பதால் எதுவும் நிற்காது. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள்; நினைவு திரும்பும்வரை வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள்.

கண்டவர் ஏன் கூடப் போவதில்லை? போனால் அரைப் பேர்தான் விழும் என்ற பயம். ஆகவே எங்கள் கோரிக்கை இது: வேலைத்தளத்தில் குடிக்கத் தண்ணீர், ஒதுங்க நிழல், விழுந்தவருக்கும் கூடப் போனவருக்கும் அன்றைய முழுப் பேர். அந்த ஒரு சாட்சி ஓர் உயிரைக் காக்கும்.