வெயிலும் நிழலும்: சைக்கிளோட்டியின் மூக்குக் கண்ணாடி

(வாலிபர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கண்டியிலிருந்து பேராதனைக்கு ஏறக்குறைய 6 கிலோமீற்றர் தூரமே. எனினும் பல்கலைக் கழகத்துக் கலகா வீதியில் ஒரு கணம் வெயில், மறு கணம் மரநிழல். நிழலுக்குள் கிடக்கும் குழி கறுப்புக் கண்ணாடி அணிந்தவனுக்குத் தெரிவதில்லை. பின்னால் வரும் பஸ்ஸோ காத்திராது.

பார்வைக் குறைவுள்ள மாணவர் பலர் இதற்குப் பரிகாரமாக, வெயிலிற் கறுத்து நிழலில் வெளுக்கும் வில்லையையே நாடுகின்றனர். அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்து ஆர்மிஸ்டெட்டும் ஸ்டூக்கியும் 1964இல் இவ்வகைக் கண்ணாடியைப் பற்றி உலகுக்கு அறிவித்தனர். அரிய விந்தைதான்! ஆனால் அது விரைவிற் கறுக்கும். வெளுப்பதற்கோ சில நிமிடங்கள் வேண்டும். குளிரில் இன்னும் தாமதம். மலைநாட்டுக் காலையில் நாம் நிழலைக் கடந்து போன பின்னரே அது தெளியும். நடப்பவருக்கு நன்று, நமக்கன்று.

மாணவர் கைக்கு எட்டுவது வேறு. எளிதில் நொறுங்காத பொலிகாபனேற்று வில்லையை நிறமின்றிப் போடுவித்து, அதன்மேற் கவ்விக்கொள்வதும் விரலால் மேலே தூக்கக்கூடியதுமான கறுப்புக் கண்ணாடியை மாட்டலாம். நிழல் வருமுன்னரே தூக்கிவிட வேண்டும். புறஊதாக் கதிரைத் தடுக்குமா என்று கேட்டே வாங்குங்கள். வெறுங் கறுப்பு நிறம் கண்மணியை விரியச் செய்து அக்கதிரை அதிகமாக உள்ளே விடும். பழைய பிறேம் உறுதியாயிருந்தால் புது வில்லையை அதிலேயே பொருத்துவிக்கலாம், பணம் மிஞ்சும்.

கண் பரிசோதனையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய சீட்டை நம்பிப் போட்ட வில்லையிற் குழி தெரியாது. அந்தி மங்கத் தொடங்கியதும் கறுப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள்.