துறைமுக நிலம் யாருக்கு?

(துறைமுகத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பம்பாய்த் துறைமுகத்தின் நிலத்தைப் பற்றி இன்று நாம் பேசப் போகிறோம். பம்பாய் எங்கே, நாம் எங்கே என்று சிலர் கேட்கலாம். அந்த நிலத்தில் நம் ஜனங்கள் இருக்கிறார்கள். ஆகவே முதலில் அவர்களிடமே போவோம்.

பம்பாயின் கிழக்குக் கரையில் தாருகானா என்று ஓரிடம். பழைய கப்பல்களை உடைத்து இரும்பாக்கிய இடம். அதையொட்டி கௌலா பந்தர் என்ற படகுத்துறை. அரை நூற்றாண்டுக்கும் முன்பே தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள் அந்தத் துறையின் மேலேயே குடிசை போட்டார்கள். பின்னால் உத்தரப் பிரதேசம், பீகார் தொழிலாளர்களும் வந்து சேர்ந்தார்கள். நிலமோ துறைமுகத்துடையது, அதாவது மத்திய சர்க்காருடையது. அதைக் காரணம் காட்டி, நகரசபைத் தண்ணீர்க் குழாய் அங்கே நெடுங்காலம் எட்டிப் பார்க்கவில்லை. ரப்பர்க் குழாயில் வரும் தண்ணீரைப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கிக் குடித்தார்கள். மலபார் ஹில் சீமான் கொடுக்கும் தண்ணீர் வரியை விடக் கப்பல் உடைக்கும் கூலிக்காரன் கொடுத்த விலை அதிகம்! இதுவும் ஒரு நிர்வாகம்.

இந்தக் கரையில் துறைமுகத்துக்குச் சொந்தமான நிலம் ஏறத்தாழ 1,800 ஏக்கர். கடலைத் தூர்த்து மீட்ட நிலம் அதில் ஏராளம். தூர்த்த கைகள் எவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1989ல் எதிர்க்கரையில் நவசேவா துறைமுகம் திறக்கப்பட்டது. கண்டெய்னர் சரக்கு அங்கே போய்விட்டது. கிடங்குகள் காலியாயின. உடனே சிலர் கண்ணுக்கு அந்த நிலம் தங்கமாகத் தெரிந்தது. 2014ல் மத்திய சர்க்கார் ஒரு குழு போட்டது. 2018ல் நகல் திட்டம் வந்தது. 2021ல் பெருந்துறைமுகங்களுக்குப் புதுச் சட்டமே வந்துவிட்டது. நிலத்தைத் துறைமுக வேலையல்லாத காரியங்களுக்கும் விடுவதற்கு அதிலே வழி இருக்கிறது.

அங்கே வீடு கட்டுவதை நாம் எதிர்க்கிறோமா? இல்லை. துருப்பிடித்த கிடங்கைக் கட்டி அழுவது நம் கொள்கையல்ல. யாருக்கு வீடு என்பதுதான் கேள்வி.

இதற்கு மில் நிலத்தின் கதையைப் பாருங்கள். 1982ல் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1991ல் ஒரு விதி வந்தது: மில் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நகரத்தின் திறந்த வெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கு, ஒரு பங்கு முதலாளிக்கு. கேட்க நன்றாயிருந்தது. 2001ல் அந்த விதியில் சில வார்த்தைகளை மாற்றினார்கள். மொத்த நிலத்தையும் பங்கு போட வேண்டாம், கட்டிடம் இல்லாத காலி நிலத்தை மட்டும் பங்கு போட்டால் போதும்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மில் 30 ஏக்கர் என்று வையுங்கள். கொட்டகைகள் 27 ஏக்கரை அடைத்துக் கொண்டிருக்கின்றன. பழைய விதிப்படி ஜனங்களுக்கு 20 ஏக்கர். புது விதிப்படி மிச்சமுள்ள 3 ஏக்கரில்தான் பங்கு. நகரத்துக்கு ஒன்று, பொது வீடுகளுக்கு ஒன்று. முதலாளிக்கு 28! 2005ல் ஹைக்கோர்ட் ஜனங்கள் பக்கம் சொன்ன தீர்ப்பை 2006ல் சுப்ரீம் கோர்ட் மாற்றியது. 2012ல் குலுக்கலில் சில ஆயிரம் பேருக்கு வீடு கிடைத்தது. மற்றவர்களுக்கு நகரத்துக்கு வெகு தொலைவில் சேலுவிலும் வாங்கணியிலும் இடம் காட்டுகிறார்கள். இதை எதிர்த்து 2025 ஜூலையில் ஆசாத் மைதானத்தில் கூடினவர்களில் பலர் நரைத்த கிழவர்கள்.

இன்னொரு விஷயம். துறைமுகம் செத்துவிடவில்லை. ஜவாஹர் தீவில் கச்சா எண்ணெய் இறங்குகிறது. பீர் பாவில் ரசாயனங்கள் இறங்குகின்றன. வேலை நடக்கும் துறைமுகத்தின் பக்கத்தில் குடியிருப்பது என்னவென்று பம்பாய்க்குத் தெரியும். 1944 ஏப்ரல் 14ல் விக்டோரியா கப்பல்துறையில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள், பக்கத்து வீடுகள் எரிந்தன. அது பழைய கதை என்பீர்களானால், மாஹுலைப் பாருங்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் ரசாயனத் தொட்டிகளுக்கும் நடுவில் மாடி வீடுகளைக் கட்டி, தான்சா தண்ணீர்க் குழாயோரத்தில் வீடிழந்த ஏழைகளைக் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே காற்று கெட்டிருக்கிறது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015லேயே சொல்லியிருந்தது. கடைசியில் 2019ல் ஹைக்கோர்ட் தலையிட்டு, அங்கே போக மறுத்தவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது.

ஆக, ஏழைக்கு வீடு என்றால் தொட்டிக்கு அருகில். கடற்காட்சி மாளிகை என்றால் காசுள்ளவனுக்கு. அவன் குடிவந்த மறுநாளே கப்பல் சங்கு தூக்கத்தைக் கெடுக்கிறது, லாரி தூசி கிளப்புகிறது என்று மனுப் போடுவான். இரவு ஷிப்ட்டை நிறுத்து என்பான். அவனுக்குத் தூக்கம்; துறைமுகத் தொழிலாளிக்கு வேலை போகும். இப்படியும் ஒரு துறைமுகத்தை மூடலாம், கதவடைப்பு என்ற பெயரே இல்லாமல்.

எனவே முதலில் கௌலா பந்தர் போன்ற இடங்களின் குடும்பங்களைக் கணக்கெடுத்துப் பட்டியலை ஒட்ட வேண்டும். வீடு அந்தக் கரையிலேயே, ஆனால் எண்ணெய்த் தொட்டிகளிலிருந்து தள்ளி. ஓடுகிற துறைகளுக்கு ஒட்டினாற்போல் கிடங்கும் பட்டறையும் இருக்கட்டும். வீடுகள் அதற்கு அப்பால். நிலம் பொதுவுடைமையாகவே இருக்க வேண்டும், விற்பனை கூடாது.

அடுத்த திட்டக் காகிதம் இங்கிலீஷில் வரும். அதைத் தமிழிலும் இந்தியிலும் குடிசை வாசலில் படித்துக் காட்ட வேண்டும். படிக்கும்போது, "காலி நிலம்" என்பதற்கு என்ன பொருள் எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.