கதவை மூடினாலும் சேதி போக வேண்டும்

(தொண்டைமானாறு செல்வச்சந்நிதிக்கு யாத்திரை வந்த தோட்டக் குடும்பங்களிடையே, மடமொன்றில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஆற்றில் குளித்து, அன்னதானக் கந்தனைக் கும்பிட்டு, பந்தியில் வயிறாறச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். கண் சொக்கும் நேரம். அதிகம் பேச மாட்டேன்.

காலையில் பூசை பார்த்தோம். பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்தார். நம்மோடு வந்த ஒரு சின்னப் பிள்ளை, "இவருக்குக் கொரோனாவா?" என்று கேட்டது. எல்லாரும் சிரித்தோம். கதிர்காமத்தில் உள்ளது போல இங்கேயும் இது வழிவழியாக வரும் வழக்கம் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தோம். ஆனால் எனக்குச் சிரிப்பு நீடிக்கவில்லை. நேற்றுப் பின்னேரம் பார்த்த முகம் ஞாபகம் வந்துவிட்டது.

நேற்று வரும் வழியில் ஒரு முதியோர் இல்லத்தில் தேயிலைத்தூள் பக்கெட் கொடுத்தோம் அல்லவா? அங்கே ஒரு பாட்டி நம்ம தங்கச்சி ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "என்னைப் பார்க்கவோ பிள்ளை வந்தனீ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தேயிலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு நான் வேறு விஷயம் எதுவும் பேசாமல், கொரோனா காலத்தில் முதியோர் இல்லங்களில் இருந்தவர்களின் மனநிலையைப் பற்றிப் பேச நினைத்தேன். இதில் என் பிழையும் ஒன்று இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் டிவிசனில் முப்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்த ஒரு அம்மா. பெயர் வேண்டாம். புருஷன் இல்லை. ஒரே மகன் கொழும்பில் கடையில் வேலை. அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, பகலில் பார்த்துக்கொள்ள லயத்தில் ஆள் இல்லை. எல்லாரும் மலைக்குப் போய்விடுவார்கள். நான்தான் கடுதாசி வேலையெல்லாம் பார்த்து, மலைநாட்டு டவுன் ஒன்றில் உள்ள இல்லத்தில் சேர்த்தேன். மகன் ஒவ்வொரு போயாவுக்கும் வருவார். மாலு பணிஸும் வெற்றிலையும் கொண்டு வருவார். அந்த அம்மாவுக்கு அதுதான் நாட்காட்டி.

2020 மார்ச் 20 இல் நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. இல்லத்தின் கேட் மூடப்பட்டது. மூடியது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நோய் வயதானவர்களைத்தான் அதிகம் கொன்றது. மகன் கொழும்பில் மாட்டிக்கொண்டார். எனக்கு போன் பண்ணி, "அம்மா எப்படி இருக்காங்க ஐயா?" என்று கேட்டார். நான் இல்லத்துக்கு போன் பண்ணினேன். "நல்லா இருக்காங்க" என்றார்கள். அதையே மகனிடம் சொன்னேன். இப்படி மூன்று தடவை நடந்தது. "அந்த அம்மாகிட்ட போனைக் குடுங்க" என்று நான் ஒரு தடவை கூடக் கேட்கவில்லை.

ஜூலை முதல் வாரத்தில்தான் போய்ப் பார்த்தேன். பாதி ஆளாக இருந்தார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து கேட்டார்: "மூணு போயா போச்சு ஐயா. என் மகன் எப்ப செத்தான்? ஏன் எங்கிட்ட மறைக்கிறீங்க?"

எனக்கு நாக்கு எழவில்லை.

யோசித்துப் பாருங்கள். டிவியில் தினமும் சாவுக் கணக்கு. சுற்றியிருப்பவர்கள் முகத்தை மூடியிருக்கிறார்கள். மகன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் உட்கார்ந்து விளங்கப்படுத்தவில்லை. அந்த அம்மா தானே கணக்குப் போட்டுக்கொண்டார். உடனே மகனுக்கு போன் போட்டுக் கொடுத்தேன். "யாரையோ வச்சுப் பேச வைக்கிறீங்க" என்று நம்ப மறுத்துவிட்டார். கடைசியில் மகன், "மாலு பணிஸ்ல உறைப்புக் கூடன்னு துப்புவியேம்மா" என்று சொன்ன பிறகுதான் வாய்விட்டு அழுதார். மகன் கிடைத்துவிட்டார். ஆனால் அந்த மூன்று மாதத்தில் நின்றுபோன நடை திரும்பி வரவில்லை. கொரோனா அவரைத் தொடவே இல்லை. அவரைப் படுக்கையில் போட்டது சேதி வராத தனிமை.

இல்லத்துப் பணியாளர்களையும் நான் குறை சொல்ல வரவில்லை. அவர்களும் வீட்டுக்குப் போக முடியாமல், இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்துகொண்டு இருந்தவர்கள்தான்.

இது நம்ம ஊரில் மட்டும் நடந்ததல்ல. கனடாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 இல் முதல் அலையில் அங்கே கொரோனாவால் இறந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்கள். ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் சில இல்லங்களுக்கு உதவியாக இராணுவத்தை அனுப்ப வேண்டியதாயிற்று. பிள்ளைகள் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று தாய் தகப்பனைப் பார்த்தார்கள். பணக்கார நாட்டுக்கே அந்த நிலைமை.

இந்த யாழ்ப்பாணத்தில் இன்னொரு விதம். கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கிறது. வேறு இல்லங்களும் உண்டு. இங்குள்ள பல முதியோரின் பிள்ளைகள் லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் கட்டுநாயக்க விமான நிலையம் வருகிற பயணிகளுக்கு மூடப்பட்டது. பொதுப் பயணிகளுக்கு மறுபடி திறந்தது 2021 ஜனவரியில். கோயில் திருவிழாவுக்கு வரும் பிள்ளை வரவில்லை. செத்த வீட்டுக்கும் வர முடியவில்லை.

தனிமை வெறும் கவலைதானே என்று நினைக்க வேண்டாம். ஆள் வராவிட்டால் வயதானவர் எழுந்து நடப்பது குறையும். நடை குறைந்தால் பசி குறையும், தூக்கம் கெடும், கால் சதை வற்றும். மறதி நோய் உள்ளவர்களுக்குத் தெரிந்த முகமும் தெரிந்த குரலும்தான் பிடிமானம். அது போனால் மறதி கூடும். காது மந்தமானவர்கள் நம்ம வாயசைவைப் பார்த்துத்தான் பாதி விளங்கிக்கொள்கிறார்கள். முகக்கவசம் போட்டால் அதுவும் போயிற்று. அதனால்தான் சிலர் பேச்சையே விட்டுவிட்டார்கள்.

நெதர்லாந்தில் 2020 மே மாதம் 26 இல்லங்களில் மட்டும், கட்டுப்பாடுகளோடு, ஒவ்வொருவரையும் பார்க்க ஒரு உறவினரை விட்டுப் பார்த்தார்கள். முதல் வாரங்களில் கவனித்ததில், அதனால் நோய் பரவியதாகத் தெரியவில்லை. பெரியவர்களின் முகம் தெளிந்தது. கவனமாகச் செய்தால் இரண்டையும் காப்பாற்றலாம் என்பது அதிலே தெரிந்தது.

நாங்களும் அனுபவத்தில் படித்துக்கொண்டோம். 2021 ஆகஸ்ட் 20 இல் மறுபடி நாட்டை மூடியபோது, இல்லத்தோடு பேசி நாலு காரியம் செய்தோம்.

ஒன்று, என்ன நோய், ஏன் கேட் மூடியிருக்கிறது, எப்போது திறக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொன்னார்கள்.

இரண்டு, எங்கள் தோட்டத்து இளைஞர்கள் காசு சேர்த்து ஒரு போன் வாங்கிக் கொடுத்தார்கள். "நேரம் கிடைக்கும்போது பேசுங்க" என்று விடாமல், இன்ன நாள், இன்ன நேரம் என்று வைத்தோம். அந்த அம்மாவுக்குப் போயாவன்று காலை பத்து மணி.

மூன்று, கைக்கு வேலை. கீரை ஆய்வது, வெங்காயம் உரிப்பது, பூக்கட்டுவது. முப்பத்தைந்து வருடம் உழைத்த கையைச் சும்மா மடியில் வைத்துக்கொள் என்றால் அது தண்டனை.

நான்கு, கூட இருந்தவர் யாராவது இறந்தால் மறைக்கவில்லை. விளக்கேற்றி, பெயர் சொல்லி, எல்லாரும் அழ இடம் கொடுத்தார்கள்.

அந்த முடக்கம் 2021 அக்டோபர் 1 இல் நீங்கியது. அன்றைக்கு சர்வதேச முதியோர் தினம். இந்தத் தடவை அந்த அம்மா எங்களைப் பார்த்து, "மகன் போயாவுக்குப் பேசினான் ஐயா, சம்பளம் இன்னும் பாதிதானாம்" என்று மகனுக்காகக் கவலைப்பட்டார். அந்தக் கவலையைக் கேட்டு எனக்குச் சந்தோஷம். உயிரோடு உறவில் இருக்கிற ஆளுக்குத்தான் அந்தக் கவலை வரும். 2022 இல், மகன் பக்கத்தில் இருக்கும்போதே கண்ணை மூடினார்.

கொரோனாவின் சர்வதேச அவசரநிலை முடிந்ததாக 2023 மே 5 இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்துவிட்டது. ஆனால் தாய்மார்களே, நம்ம லயத்திலேயே மூடின கதவுகள் இருக்கின்றன. ஈ.பி.எப். காசு எடுத்த நாளோடு பேச்சு நின்றுபோன தாத்தா இல்லையா? பிரட்டுக்களத்துக்குப் போகும்போது எட்டிப் பார்க்காமல் போகிறோமே, அந்தப் பாட்டி இல்லையா?

சாப்பாட்டை ஒதுக்கினால், குளிக்க மறுத்தால், சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்தால், "நான் எதுக்கு இருக்கணும்" என்று சொன்னால், அதை வயசுக் கோளாறு என்று விடாதீர்கள். தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்று 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமே சொல்கிறது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பேச வைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. அது நம்ம வேலை.

நாளைக்குத் திரும்பும்போது அதே இல்லத்தில் அரை மணி நேரம் பஸ்ஸை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை கையில் பக்கெட் எதுவும் வேண்டாம். அந்தப் பாட்டி, "என்னைப் பார்க்கவோ வந்தனீ?" என்று கேட்பார். ஆமாம் என்று சொல்ல வேண்டும்.