கேரட்டுக்கு நாற்று விடக்கூடாது

(கோத்தகிரி பகுதிக் குழுக்களின் கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில், களப்பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக நாங்க இங்கே நின்னா சேமிப்பு, உள்கடன், தவணை பாக்கி என்றுதான் ஆரம்பிப்போம். இன்றைக்கு முதலில் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போன கார்த்திகைக் கூட்டத்துக்கு ஒரு அக்கா முந்தானையில் நாலு கேரட்டை முடிந்து கொண்டு வந்தாங்க. மேஜைமேல் வைத்தாங்க. ஒன்றுக்கு ரெண்டு கால், ஒன்றுக்கு மூணு கால், மற்ற ரெண்டும் முடிச்சு விழுந்த கயிறு மாதிரி. "நீங்க சொன்னபடியேதான் செஞ்சேன். இதைத் தோல் சீவறதுக்குள்ள விடிஞ்சிடும்" என்றாங்க. எல்லோரும் சிரிச்சீங்க. எங்களால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்தக் குழுவில் 14 பேர் தோட்டத்திலும் அதே கதைதான். விதை வாங்கியது குழுவின் பொதுப் பணத்தில்.

நடந்தது இதுதான். ஆடியில் வீட்டுத்தோட்டப் பயிற்சி கொடுத்தபோது முட்டைக்கோசு, காலிஃபிளவரோடு சேர்த்து கேரட்டுக்கும் நாற்றங்கால் போட்டு, பிடுங்கி நடச் சொல்லிவிட்டோம். சார்ட் பேப்பரில் படமும் போட்டோம். அப்போதே பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா, கேரட் தோட்டத்தில் பல வருடம் கூலி வேலை பார்த்தவங்க, "கேரட்டை நட மாட்டாங்களே" என்றாங்க. நேரமாகிறது என்று நாங்க அடுத்த படத்துக்குப் போயிட்டோம். அந்த அம்மாவிடம் பிறகு வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டோம். இப்போது சொல்லப்போவதில் பாதி அவங்களிடம் கேட்டுக்கொண்டதுதான்.

கேரட்டில் நாம் சாப்பிடுவது ஆணிவேரை. விதை முளைத்த உடனே அந்த வேர் நேராகக் கீழே இறங்க ஆரம்பிக்கும். நாற்றைப் பிடுங்கும்போது அதன் நுனி அறுந்து போகிறது. அறுந்த வேர் ரெண்டாக, மூணாகக் கிளைக்கும். அதனால் எங்கே விளையணுமோ அங்கேயே விதைக்கணும். வேர் போகிற வழியில் கல் இருந்தாலும் பிளக்கும், மக்காத சாணி இருந்தாலும் பிளக்கும். ஒரு அடி ஆழம் கொத்தி, கல் பொறுக்கி, மண்ணைப் புட்டுமாவு மாதிரி உதிர்த்துக்கொள்ளுங்க. நன்றாக மக்கிய தொழுவுரம் மட்டும் போடுங்க. நம்ம பக்கம் சரிவான நிலம், மேட்டுப்பாத்தி போட்டால் மழைத் தண்ணி தேங்காது. யூரியா வேண்டாம். தழைதான் கொழுக்கும், கிழங்கு தேறாது.

விதை ரொம்பச் சின்னது. ஒரு கிராமில் 700, 800 விதைகூட இருக்கும். கையில் அள்ளித் தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். ஒரு பங்கு விதைக்கு நாலு பங்கு காய்ந்த மணல் கலந்து, முக்கால் அடி இடைவெளியில் விரலால் கோடு கீறி, அதில் தூவுங்க. மேலே அரை விரற்கடை மண் போதும். கடை விதையில் மருந்து தடவி சாயம் ஏற்றியிருப்பார்கள். பிள்ளைகள் கையில் கொடுக்காதீங்க. விதைத்த பிறகு சோப்புப் போட்டு கை கழுவுங்க.

அப்புறம் பொறுமை வேணும். கீரை மாதிரி நாலு நாளில் முளைக்காது. பத்து நாள், பதினைந்து நாள், குளிர் அதிகமென்றால் மூணு வாரம்கூட ஆகும். அதுவரை மேல்மண் காயவே கூடாது. நனைத்த சாக்கைப் பாத்திமேல் விரித்து வையுங்க. ஆனால் ஒரு வாரம் கழிந்ததும் தினமும் காலையில் தூக்கிப் பாருங்க. பச்சை தெரிந்த அன்றைக்கே சாக்கை எடுத்துவிடணும். விட்டால் முளை வெளுத்து, நீண்டு, படுத்துவிடும்.

இனி சொல்வதுதான் நம்ம ஆட்களுக்குக் கஷ்டமான வேலை. செடி மூணு நாலு இலை விட்டதும் கலைத்துவிடணும். முதலில் ரெண்டு விரல் இடைவெளி, இன்னும் மூணு வாரம் கழித்து நாலு விரல். நல்லா இருக்கிற பயிரைப் பிடுங்க யாருக்குமே மனசு வருவதில்லை. "பிள்ளை மாதிரி வந்திருக்கு, எப்படிப் புடுங்கறது?" என்று ஒரு தங்கச்சி கேட்டது. கலைக்காவிட்டால் அத்தனையும் எலிவால் கனத்தில்தான் நிற்கும். தண்ணி தெளித்து, மண் இளகினதும் சாயங்காலத்தில் பிடுங்குங்க. பிடுங்கியதை வீணாக்க வேண்டாம், இளந்தழையைப் பருப்போடு பொரியல் செய்யலாம். ஆனால் அதை வேறு இடத்தில் நட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீங்க. மறுபடியும் ரெண்டு கால் கேரட்தான் வரும்!

தண்ணியை ஒரே சீராக விடுங்க. காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். அரிசி, காய் கழுவிய தண்ணி போதும், சோப்புத் தண்ணி வேண்டாம். தலை மண்ணுக்கு வெளியே தெரிந்தால் வெயில் பட்டுப் பச்சையாகிவிடும், மண் அணைத்துவிடுங்க. 100 முதல் 120 நாளில் பிடுங்கலாம். காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் நமக்கு முன்னாலேயே நாள் பார்த்து வைத்திருக்கும். அதனால் பாத்தி வீட்டுக்கு ஒட்டியே இருக்கட்டும்.

விதையை நாமே எடுக்கலாமா என்று கேட்டிருந்தீங்க. கேரட் முதல் வருடம் கிழங்கு வைத்து, குளிரைத் தாண்டி அடுத்த வருடம்தான் பூக்கும். கடையில் வாங்குவது வீரிய ஒட்டு விதையாக இருந்தால், அதிலிருந்து எடுக்கும் விதை தாய் மாதிரியே வராது. தற்சமயம் வாங்கத்தான் வேணும். பாக்கெட்டில் காலாவதித் தேதி பார்த்து வாங்குங்க.

இன்னொன்று. கேரட் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று நிறைய பேர் சொல்றீங்க. கேரட் கண்ணுக்கு நல்லது, அதில் வைட்டமின் ஏ கிடைக்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கினால் அந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். ஆனால் ரத்தசோகைக்கு அதை நம்பி இருக்காதீங்க. கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தவே கூடாது.

விதைக்குப் போன பணத்தை எங்கள் நிறுவனமே குழுக் கணக்கில் கட்டிவிட்டது. தீர்மானப் புத்தகத்திலும் எழுதியாச்சு. நாலு மாசம் குடத்தில் தண்ணி தூக்கிய உழைப்புக்கு எங்களால் ஈடு கட்ட முடியாது. அதைக் கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மாசியில் மறுபடி விதைக்கலாம் என்று அந்தக் குழு முடிவு செய்திருக்கிறது. இந்தத் தடவை பயிற்சி கொடுக்கப்போவது அந்தக் கூலி வேலை பார்த்த அம்மா. நாங்க பின்வரிசையில் உட்காருவோம். வர விருப்பப்படுகிறவங்க பெயரை ஊக்குனரிடம் கொடுங்க. வரும்போது ஆளுக்கு ஒரு டப்பா காய்ந்த மணல் கொண்டு வாங்க.