கூப்பிய கரங்கள் போன்ற கூரைகள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பழைய வீடொன்றின் கூரை ஒழுகினால் அதனைத் திருத்த வேண்டியவர் யார்? வீட்டுக்காரரே என்று யாவரும் சொல்வர். ஆனால், "இக்கூரையை மாற்றாதே, தகரம் போடாதே, ஊரின் அழகு கெட்டுவிடும்" என்று ஊரும் அரசும் கூடி அவரைத் தடுத்தால், செலவு முழுவதையும் அவர் தலையிலேயே சுமத்துவது நீதியாகுமா? இவ்வினாவுக்கு யப்பான் நாட்டு மலைக்கிராமம் ஒன்று கண்ட விடையை இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

அக்கிராமத்தின் பெயர் சிரக்காவா. அதன் குறிச்சிகளுள் ஒன்று ஓகிமாச்சி. மாரிகாலத்தில் ஆளுயரத்துக்குப் பனி குவியும் இடம் அது. பனியின் பாரம் தங்காது வழுக்கி விழுதற் பொருட்டு, அங்குள்ளோர் தம் வீட்டுப் புற்கூரைகளை ஏறக்குறைய 60 பாகைச் சரிவில் அமைத்தனர். கும்பிடக் கூப்பிய கரங்கள் போல் தோன்றுவதால் அவ்வீடுகளுக்குக் 'கஸ்ஷோ' வீடுகள் என்று பெயர். கூரையின் மரங்களை ஆணி கொண்டு அறையாது, கயிற்றாலும் வளையும் கிளைகளாலும் பிணைத்தனர். அகன்ற மேற்றட்டுக்களிலே பட்டுப்புழு வளர்த்தனர்.

காலம் மாறிற்று. பட்டுப்புழு வளர்ப்பு நலிந்தது. 1961இல் நிறைவுற்ற மிபோரோ அணைக்கட்டினால் அப்பள்ளத்தாக்கின் சில ஊர்கள் நீரில் மூழ்கின. கஸ்ஷோ வீடுகள் பல விற்கப்பட்டு வேறிடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டன. எஞ்சியவையும் போய்விடும் என்று கண்ட ஓகிமாச்சி மக்கள், 1971இல் ஒன்றுகூடி மூன்று உறுதிகளைச் செய்துகொண்டனர்: விற்கமாட்டோம், வாடகைக்கு விடமாட்டோம், இடிக்கமாட்டோம். சட்டம் எதுவும் அவர்களைக் கட்டாயப்படுத்தாத காலத்திலேயே இவ்வுறுதி பிறந்தது என்பதை நீங்கள் கவனித்தல் வேண்டும்.

சட்டம் பின்னரே வந்தது. 1949இல் ஹோரியூஜி ஆலயத்தின் பழம்பெரும் மண்டபத்தில் தீப்பற்றிச் சுவரோவியங்கள் பாழாயின. அதன் விளைவாக 1950இல் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், குடியானவரின் வீடுகள் நிறைந்த ஒரு தெருவையோ ஊரையோ முழுமையாகக் காக்க அதில் வழியிருக்கவில்லை. 1975இல் செய்த திருத்தமே அவ்வழியைத் திறந்தது. உள்ளூராட்சி மன்றம் தன் ஊரிற் பேணவேண்டிய பகுதியைத் தானே வரையறுக்கும். அது விண்ணப்பித்தால் நடுவண் அரசு அப்பகுதியைத் தெரிந்தெடுக்கும். 1976இல் முதன்முதல் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பகுதிகளுள் ஓகிமாச்சியும் ஒன்று.

இனி மானியம் வழங்கும் முறையைப் பார்ப்போம். அப்பகுதியில் வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற விரும்புவோர் முதலில் அனுமதி பெறவேண்டும். அதற்கு ஈடாக, பழைய கட்டிடத்தைத் திருத்தும் செலவிற் பெரும்பங்கைப் பொதுப்பணம் ஏற்கின்றது. கிராமம் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை நடுவண் அரசு அளிக்கும், மாகாணமும் உதவும், மிகுதியை வீட்டுக்காரர் இடுவார். புதிய கட்டிடமாயினும், ஊரின் தோற்றத்தோடு இசையும்படி அதனை அமைப்பதற்கு உதவி உண்டு. வெளியே தெரியாத உட்பக்கத்தைக் குடியிருப்போர் தம் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். தெருவிற் போவோர் யாவரும் காணும் கூரைக்கு யாவரும் பங்களிக்கின்றனர். குடும்பம் புழங்கும் அடுக்களை குடும்பத்தின் விருப்பத்துக்கே விடப்படுகின்றது. இதிலுள்ள நியாயம் மனங்கொள்ளத்தக்கது. கட்டுப்பாடு விதிப்பவன் செலவிலும் பங்கேற்க வேண்டும் என்பதே அது.

ஆயினும், பணம் ஒன்றே போதுமோ? புற்கூரையை 30, 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக வேய்தல் வேண்டும். கூலிக்கு ஆள் பிடித்தால் அது பெருஞ்செலவு. ஆதலால் அயலவர் நூற்றுக்கணக்கிற் கூடி, கூரையின் ஒரு பக்கத்தை ஒரே நாளில் வேய்ந்து முடிக்கும் வழக்கம் அங்குண்டு. 'யுயி' என்பது அதன் பெயர். இன்று என் வீட்டுக்கு நீ. நாளை உன் வீட்டுக்கு நான். இளைஞர் நகரங்களுக்குச் செல்வதால் இப்பொழுது தொழிலாளரையும் வெளியூர்த் தொண்டர்களையும் நாட வேண்டியிருக்கிறது. 1995இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற அவ்வூருக்கு, 2019இல் மாத்திரம் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் வந்தனர். பார்க்க வருவோர் பெருகலாம். கூரையில் ஏறும் கைகள் குறைந்தால் மானியம் என்ன செய்யும்?

அன்பர்களே, இது அயல்நாட்டுக் கதை மட்டுமன்று. 1988இல் உலக மரபுரிமையாகிய நமது காலிக் கோட்டைக்குள்ளும் குடும்பங்கள் வாழ்கின்றன. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகள் எத்தனையோ போரிலே சிதைந்தன. தப்பியவை தீராந்தியும் ஓடும் கழன்று நிற்கின்றன. வேலியடைப்புக்கும் கிடுகு வேய்தலுக்கும் அயலார் கூடிய வழக்கத்தை நம் பாட்டன்மார் நன்கறிவர். அரசிடம் மானியம் கேட்பது நமது உரிமை. அதனைக் கேட்குமுன், நம் ஊரில் எஞ்சியுள்ள நாற்சார் வீடுகள் எவை, அவற்றின் நிலை யாது, குடியிருப்போரின் தேவை யாது என்று எழுதி வைக்கும் பணியை இச்சங்கத்து இளைஞர்களாகிய நாமே தொடங்கலாம். ஓகிமாச்சியிலும் ஊரவரின் உறுதியே முதலில் வந்தது. சட்டமும் பணமும் அதன்பின் வந்தன.